செல்லோவுக்கு ஓடாவி: தோணித்துறைப் படகுப் பட்டறை, ஆறு மாதத்துக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வாத்தியக் கடை இல்லை. மண்டபம் தோணித்துறைப் பக்கம் கரையில் பனங்கட்டை நட்டு, மேலே கீற்றும் அதற்கு மேல் கிழிந்த தார்ப்பாயும் போட்ட ஒரு கொட்டகை. வள்ளம் கட்டுகிற, பழைய வள்ளத்துக்குப் பலகை மாற்றுகிற இடம். போர்டு கிடையாது. போன் போட்டால் எடுப்பதும் கிடையாது. அங்கே இருக்கிற ஓடாவியிடம்தான், அதாவது வள்ளம் கட்டுகிற தச்சரிடம்தான், போன செப்டம்பரில் என் செல்லோவை (உட்கார்ந்து வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி) தூக்கிக்கொண்டு போனேன். ஒட்டு வேலையைப் பற்றி மறுநாளே புகழ்ந்து எழுதுவதில் அர்த்தமில்லை. ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று இத்தனை நாள் பொறுத்தேன்.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். அப்பாவுக்கு ஒரு நாட்டுப்படகு. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தவள், சென்னையில் செல்லோவுக்கு மாறி, 2023 அக்டோபரில் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனேன். ட்ரொசிங்கன் என்று ஒரு சின்ன ஊர். 1857இல் ஹோனர் மவுத் ஆர்கன் கம்பெனி தொடங்கியது அங்கேதான். அந்த ஊர் அரசு இசைக் கல்லூரியில் பழைய காலத்து இசைக்கென்றே தனித் துறை இருக்கிறது. நான் படித்தது பரோக் செல்லோ. தரையில் ஊன்றுகிற கம்பி இதில் கிடையாது, இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்டீல் கம்பிக்குப் பதிலாகக் குடல் நரம்பு. மற்றவர்கள் 440 ஹெர்ட்ஸில் வைக்கிற சுரத்தை நாங்கள் 415இல், கொஞ்சம் இறக்கி வைப்போம். யாழின் தந்தியை நம் ஆட்கள் நரம்பு என்று சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பது ஆட்டுக் குடலைக் கையால் முறுக்கிக் கட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த மாநிலத்தில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். எனக்கு நாலு செமஸ்டர். அதற்கு முன்னாடி, விசாவுக்காக 11,208 யூரோவை ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது பத்து லட்சம் ரூபாய்: ஒரு வங்கிக் கடன், அம்மாவின் நகை, பெரியம்மாவிடம் வாங்கிய இரண்டு பவுன் வளையல். படிப்பு முடிந்தால் வேலை தேட அங்கேயே 18 மாதம் தங்க அனுமதி உண்டு. நான் தங்கவில்லை. தீவில் எதிர்ப்பட்ட எல்லாரும் ஏன் என்று கேட்டுவிட்டார்கள். மல்லிகை நாற்று விற்கிற அக்கா மட்டும் தினமும் கேட்கிறார்.

போகும்போது பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தியிருந்தார்கள், ராமநாதபுரம் போய்த்தான் ஏறினேன். வரும்போது தாம்பரத்தில் ஏறி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் மேலேயே வந்து இறங்கினேன். செல்லோவுக்கு விமானத்திலும் ரயிலிலும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் ஈரப்பதம் 30க்குக் கீழே போய்விடும். மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க, துளை போட்ட ரப்பர் குழாயை நனைத்து வாத்தியத்தின் வயிற்றுக்குள் தொங்கவிடுவோம். அப்படித் தண்ணீர் காட்டிக் காட்டி இரண்டு வருஷம் வைத்திருந்த செல்லோவை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்த அன்றைக்கு மீட்டர் 81 காட்டியது. நரம்பை முறுக்குகிற பிருடை இறுகிப்போய்த் திருப்பவே முடியவில்லை. காலையில் சுருதி சேர்த்த குடல் நரம்பு மத்தியானத்துக்குள் எங்கேயோ போய் நின்றது.

ஈரத்தை 49 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் என்று அட்டையில் போட்டிருந்த பைகளை வாங்கினேன். எட்டாம் நாள் மழைத் தவளை மாதிரி உப்பிக் கிடந்தன. அவற்றின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மூடிய பெட்டிக்குள் அவை வேலை செய்யும். தினம் நாலு மணி நேரம் பெட்டியைத் திறந்துவைத்து வாசித்தால், பையில் பாதி மன்னார் வளைகுடாதான் இருக்கும். அடுத்து அரை கிலோ சிலிக்கா ஜெல். நீலமாக இருக்கும், ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும், சூடு காட்டினால் திரும்ப நீலமாகும். இது பரவாயில்லை, கடலோரத்தில் மர வாத்தியம் வைத்திருக்கிறவர்கள் வாங்கலாம். ஆனால் வறுக்கிற சட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பழைய தோசைக்கல்லில் வறுத்ததற்கு நான் வாங்கிய திட்டு மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

இரண்டாம் வாரம், கீழ் நரம்பில் வில்லை இழுத்ததும் உள்ளே வண்டு புகுந்த மாதிரி ஓர் உறுமல். திருப்பிப் பார்த்தால், கீழ்ப்பக்கத்தில் மேல்பலகையும் விலாவும் (பக்கவாட்டுப் பலகை) சேருகிற இடம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டை உள்ளே போய் வந்தது.

ஒரு பெரிய நகரத்துக் கடைக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டேன். கூரியரில் அனுப்புங்கள், மூன்று வாரம் ஆகும், 14,000 ரூபாய், வழியில் ஏதாவது ஆனால் கடை பொறுப்பில்லை. என்ன பசை போடுவீர்கள் என்றதற்கு "இம்போர்ட்டட் மேடம், உங்க ஆயுசுக்கும் பிரியாது" என்றார்கள். ஆயுசுக்கும் பிரியாத பசைதான் செல்லோவுக்கு எமன். அதை அப்புறம் சொல்கிறேன்.

நானே ஒட்டியிருக்கலாம். கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள், பசைக் குருணை 200 கிராம் பையோடு வந்திருந்தது. கிளாம்புதான் இல்லை. அப்பா சொன்னார்: "கிளாம்புதான வேணும்? தோணித்துறை மச்சான்கிட்ட செய்யச் சொல்லுவோம்." அப்பாவின் வள்ளத்தைக் கட்டிய ஓடாவி அவர். அப்பாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. ஐஸ் பெட்டி ஏற்றுகிற குட்டியானையில் செல்லோவைப் போர்வை சுற்றிப் படுக்கவைத்து, நான் அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பாம்பன் ரோட்டுப் பாலத்தைத் தாண்டினோம். மேலே அடித்த கச்சான் காற்றில் (மேல்காற்று) போர்வை இரண்டு தரம் பறக்கப் பார்த்தது.

மாமா ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்கவில்லை. உளியைக் கீழே வைத்துவிட்டு, திறந்த பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை வாத்தியத்தின் ஓட்டை வழியாக அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "வங்கு ஒண்ணுமே இல்லையே பாப்பா. எதுல நிக்கிது?"

வங்கு என்றால் வள்ளத்துக்குள் குறுக்கே நிற்கிற விலா எலும்பு. இரண்டு வருஷத்தில் என் செல்லோவைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி. மேல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒட்டியிருக்கிற கட்டையைக் காட்டினேன். மேலுக்கும் கீழுக்கும் நடுவில், பசையே இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்கிற சின்னக் குச்சியைக் காட்டினேன். அந்தக் குச்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆன்மா என்கிறார்கள் என்றேன். "அது சரி" என்றார், அவ்வளவுதான். விலாவின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றதும்தான் நிமிர்ந்தார்.

"இம்புட்டு மெல்லிசாச் சீவி எப்படி வளைச்சாக?"

"ஈரம் பண்ணி, சூட்டுக் கம்பியில வச்சு வளைப்பாங்க மாமா."

"நாங்களும் பலகைக்கு நெருப்புக் காட்டுவோம். வங்குக்கு மட்டும் மாட்டோம். வளைஞ்ச கொப்பாத் தேடித்தான் வெட்டுவோம். நேர்மரத்த வளைச்சா அது என்னைக்காவது நேராகத்தான் பாக்கும்."

அடுத்து நடந்ததுதான் சண்டை. அவர் கையில் இரட்டை டியூப் பசை எடுத்தார், இரண்டையும் குழைத்து ஃபைபர் படகுக்குப் போடுகிற அதே பசை. வேண்டாம் என்றேன். வெள்ளைப் பசை டப்பாவைக் காட்டினார். அதுவும் வேண்டாம் என்றேன். என் குருணையைக் காட்டினேன். இது மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்தது, வெந்நீர் பட்டால் இளகிவிடும் என்றேன். "இளகிப்போற பசையப் போட்டா ஒட்டுறது? கடக்கரையில இருந்துக்கிட்டு?" என்று சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்த பையனும் சிரித்தான்.

விஷயம் இதுதான். மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சுருங்குகிறபோது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். மேல்பலகை விளிம்பில் பசையை வேண்டுமென்றே நீர்க்க வைத்து ஒட்டுவார்கள், பலகை வெடிக்கிறதுக்கு முன்னால் ஒட்டு பிரிந்துகொள்ளட்டும் என்று. ஒட்டு பிரிந்தால் ஒரு நாள் வேலை. பலகை வெடித்தால் வாத்தியத்தின் ஆயுளில் பாதி போச்சு. அதனால் ஆயுசுக்கும் பிரியாத பசை கூடாது. வள்ளத்தில் கதை நேர்மாறு. தண்ணீரில் இறக்கினால் பலகை ஊறி இடைவெளியை அதுவே மூடிக்கொள்ளும். மிச்சத்துக்குத்தான் பஞ்சு வைத்துக் கலப்பத்து அடிப்பது. அவருடைய தொழிலில் ஒட்டு பிரிந்தால் ஆள் சாவான்.

இதை நான் இவ்வளவு தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை, திக்கித் திணறித்தான் சொன்னேன். மாமா பீடியை அணைத்தார். "பாரு மேல நங்கூரம் போடும்போது கொண்டிக்கு மெல்லிசு கயிறு கட்டுவோம்ல" என்றார் அப்பாவைப் பார்த்து. அப்பா தலையாட்டினார். கடலுக்கடியில் பவளப் பாறை இருக்கிற இடத்தைத்தான் பார் என்போம். நங்கூரத்தின் தடிக்கயிற்றை அதன் அடிப்பக்கத்தில் கட்டிவிட்டு, மேல்வளையத்தில் அதை ஒரு நூல்கயிற்றால் சும்மா பிணைத்துவைப்பார்கள். நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டால் இழுத்த இழுப்பில் நூல் அறும், நங்கூரம் தலைகீழாகத் திரும்பிக் கழன்று வரும். நூலை மிச்சம் பிடித்தால் நங்கூரமே போய்விடும். ட்ரொசிங்கனில் இதை ஒரு முழு மத்தியானம் படம் போட்டு விளக்கினார்கள். நங்கூர உதாரணம் அதைவிடச் சுருக்கம்.

குருணையை ஊறவைத்துச் சூடேற்றியதும் வாடை கிளம்பியது. மாமா முகர்ந்துவிட்டு, "அட, வஜ்ஜிரம்! இத முதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார். அவருடைய அப்பா காலத்தில் பீரோ, தொட்டில் வேலைக்கெல்லாம் இதுதானாம். (சென்னை ஆட்கள் குழம்ப வேண்டாம், மீன் வேறு. அந்த மீனுக்கு இங்கே சீலா என்று பெயர்.) டீ போடுகிற அடுப்பில் தண்ணீர்ச் சட்டி, அதற்குள் டப்பா. 60 டிகிரியைத் தாண்டினால் பசை கெட்டுவிடும் என்று நான் சமையல் தெர்மாமீட்டரோடு நின்றேன். அவர் தண்ணீரில் விரலை முக்கி, "மூணு எண்ணுறதுக்குள்ள எடுக்கத் தோணணும், அவ்வளவுதான் சூடு" என்றார். மீட்டரில் 61.

கிளாம்புக்குப் பழைய துடுப்புத் தடி ஒன்றை வில்லை வில்லையாக அறுத்து, நடுவில் துளை போட்டு, நீள போல்ட்டும் றெக்கை நட்டும் மாட்டி, பதினாலு செய்து கொடுத்தார். வாத்தியத்தில் படுகிற பக்கத்துக்கு ரப்பர் வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒற்றைச் செருப்புகளைப் பையன் பொறுக்கி வந்தான். ஜெர்மனிக் கடையில் இதே கிளாம்பு அடியில் கார்க் ஒட்டி விற்கும். செருப்பு ரப்பர் அதைவிட நன்றாகப் பிடிக்கிறது, மெய்யாகவே சொல்கிறேன்.

ஆனால் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கிளாம்பு இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் நான் விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். திறந்திருக்கிற இடத்தில் சத்தம் தளர்வாகக் கேட்கும். அப்படித்தான் கண்டுபிடிப்பது. ஒரு சுற்று முடித்து, இந்த ஒரு சாண்தான் என்றேன். மாமா வாங்கினார். உளிப்பிடியால் இல்லை, நகத்தால் தட்டினார், பழைய வள்ளத்தில் உளுத்த பலகையைத் தேடுகிற மாதிரி. மேல்பக்கம் கழுத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு தரம் தட்டினார். "இங்கிட்டும் விட்டுருக்கு." எனக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். கேட்கவில்லை. காதைப் பலகையில் வைத்துக்கொண்டு மூன்றாம் தரம் தட்டச் சொன்னபோது, ஆமாம், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பொள்ளல். செவிப் பயிற்சி என்று தனிப் பாடத்தில் தேர்வெழுதித் தேறியவள் நான். மெல்லிய கத்தியை நுழைத்துப் பார்த்தேன், போனது.

"படகுன்னா தண்ணி உள்ள வந்து சொல்லிரும்" என்றார். "இதுக்கு அதுவும் இல்ல."

இரண்டு இடத்தையும் மறுநாள் பதினோரு மணிக்கு ஒட்டினோம். கச்சான் காற்று அடித்து ஈரம் கொஞ்சம் இறங்குகிற நேரம் அதுதான் என்று அவர் சொல்லியிருந்தார். கிழக்கிலிருந்து வருகிற கொண்டல் காற்றில் ஒட்டவே கூடாதாம். ஜெர்மனியில் இந்தப் பசை ஒரு நிமிஷத்தில் உறைய ஆரம்பிக்கும் என்று மரத்தை முடி உலர்த்தியால் சூடாக்கி, பதற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிளாம்பு போடுவோம். இங்கே மரமே வெதுவெதுப்பாக இருந்தது, நிதானமாகப் பதினாலு நட்டையும் முறுக்க நேரம் கிடைத்தது. எங்கள் வெயிலால் எனக்குக் கிடைத்த முதல் தொழில்முறை லாபம்.

நரம்பைத் தளர்த்தியதில் உள்ளே ஆன்மா விழுந்துவிட்டது. குலுக்கினால் கடகடவென்று உருண்டது. அதைத் திரும்ப நிறுத்த எஸ் மாதிரி வளைந்த ஒரு கருவி வேண்டும். மூன்று மில்லி எவர்சில்வர் கம்பியில், என் போனில் இருந்த படத்தைப் பார்த்து, அடித்துக் கொடுத்தார். நிறுத்துவதற்கு எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு டீ வந்து ஆறியது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொட்டகை முழுக்க மணலும் மரத்தூளும். பெட்டியின் வெல்வெட்டில் இன்னும் மணல் வருகிறது. நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கு இல்லை. ஒரு நாள் போனபோது அவசர வேலை என்று ஒரு வள்ளத்துக்கு அடியில் படுத்திருந்தார், அன்றைக்கு வேலையே நடக்கவில்லை. பில் கிடையாது. எல்லாவற்றையும்விட, நான் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், விலாவில் இருந்த ஒரு கீறலுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். சுறா எண்ணெய். நல்லெண்ணத்தில்தான். வள்ளத்துக்கு அதைத்தான் பூசுவார்கள். மூன்று வாரம் எங்கள் தெருப் பூனைகள் என் வாசிப்புப் பயிற்சிக்கு வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஆகவே, பக்கத்தில் நில்லுங்கள், கண்ணை எடுக்காதீர்கள், வார்னிஷ் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

கூலி 1,500 வாங்கிக்கொண்டார், போல்ட் நட்டுக்கு 340. கிளாம்புகள் இப்போது என்னிடம்.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடலில் இறங்காத படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கும், ஓடாவிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கச்சத்தீவுத் திருவிழாவுக்கு முந்தைய வாரமும் வேண்டாம். ஆவணி, புரட்டாசி நல்லது. வயலின், செல்லோ, கிட்டார் விளிம்புப் பிரிவு, கிளாம்பு, கருவி, இவற்றுக்குத் தயங்காமல் போகலாம். பசையை நீங்கள் கொண்டுபோங்கள். மேல்பலகையில் வெடிப்பு இருந்தால் போகாதீர்கள், அது வேறு வைத்தியம். கழுத்து வேலைக்கும் போகாதீர்கள். ஒட்டுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இடத்துக்கு இரண்டு.

மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தரம் நகத்தால் தட்டிப் பார்த்தேன். கார்த்திகையில் மீட்டர் 90ஐத் தொட்ட நாளிலும் ஒட்டு நின்றது. இப்போது மாசி, இன்னும் நிற்கிறது. நான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன், நாலு பிள்ளைகள், இரண்டு பேர் வயலின். அவர்களுக்கு முதல் பாடம் தட்டிக் கேட்பது.

பசை காய்ந்த அன்றைக்கு, கிளாம்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகையிலேயே வாசித்துப் பார்த்தேன். புது ஒட்டுக்குப் பாரம் குறையட்டும் என்று மேல் நரம்பை ஒரு சுரம் இறக்கிக் கட்டினேன். அப்படி இறக்கிக் கட்டி வாசிக்கவே பாக் எழுதிவைத்தது ஒன்று உண்டு, செல்லோ சூட் வரிசையில் ஐந்தாவது. என் கடைசித் தேர்விலும் அதுதான். பாதியில் வலைக்காரர்கள் வந்து மாமாவிடம் ஏதோ கேட்டார்கள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார், பிறகு அவரே எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். முடித்ததும் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் செல்லோவை வாங்கி, ஒரு பிளைவுட் துண்டின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார்.

"எதுக்கு மாமா?"

"சும்மாதான். அந்த இடுப்பு வளைவுக்கு நம்ம பக்கம் கொப்பு கிடைக்குமான்னு பாக்கணும்."

பிளைவுட் இப்போதும் கொட்டகைக் கம்பத்தில் ஆணியடித்துத் தொங்குகிறது. போன வாரம் போனபோது அதில் ஒரு பக்க வளைவுக்கு நேராகக் கருவேலங்கொப்பு ஒன்று சாத்தி வைத்திருந்தது.